சோளம் கலவாத பெற்றோல்

நாற்பத்துமூன்றாம் ஆண்டு
ஒஷாவாவில் பூட்டிய லொறி இது.
சோளம் இதற்குச் செமிக்காது.
போன கோடையில்
ரப்பர்க் குழாய் ஊதி, மிதவைத் தக்கை கூழாகி,
ஏழாம் நெடுஞ்சாலையில் பின்னால் இருபது கார் நிற்க
வயிற்றிலிருந்ததெல்லாம் சத்தியெடுத்துவிட்டது.

பாதி லொறி என்னுடையது,
மற்றப் பாதி வெய்ன் கெல்லோவுடையது.
எந்தப் பாதி யாருடையதென்று
ரேடியேற்றர் ஒழுகும்போது மட்டும் சண்டை.

நினைவு நாளுக்கு ஒன்பது நாள்.
லின்ட்ஸி தூணடிக்குப் போய்வர நாற்பது லீற்றர்.
பம்பு பம்பாய்ப் போகிறேன்,
கோட்டுப் பையில் ஜாம் போத்தல்,
போத்தலில் நகப்பூச்சால் ஒரு கோடு.
கோடுவரை தண்ணீர், மேலே பெற்றோல்,
மூடிக் குலுக்கி, பொறுத்துப் பார்த்தால்
தண்ணீர் கோட்டுக்கு மேலே ஏறியிருக்கும்.
குடிகாரனைப்போலத்தான் எதனோல்:
யாரோடு வந்ததென்பதை மறந்து
ஊற்றிக் கொடுத்தவனோடு போய்விடும்.

ஓமெமியில் ஏறியது.
அடுத்த சந்தியில் கலப்பில்லை என்று சத்தியம் பண்ணினார்கள்,
அங்கேயும் அரை விரல் ஏறியது.
படகுத்துறைக்காரி டொரீன்
வெள்ளைப் பிளாஸ்ரிக் போர்த்திய படகுகளுக்கு நடுவே நின்று
'வான்கோழி வெட்டுற கிழமையே தொட்டியை வடிச்சாச்சு' என்றாள்.

விமானத் தளத்தில் இருந்தது.
நீலமாய், ஈயத்தோடு.
ஈயத்தைப் பார்த்துப் பித்தளை இளிக்கலாம்,
எங்கள் வால்வுகள் இளிக்கா;
அந்த மெத்தையில் இருந்துதான் அவை
அடிவாங்கப் பழகின.
பம்படிப் பெடியன் கேட்டான்,
'விமானத்தின் பதிவெண்?'
பறக்காது என்றேன்.
'அப்ப தரேலாது.'
நல்ல பெடியன். சிரித்தபடி மறுத்தான்.
துவக்கு இல்லாமல் ஒருவன் பெற்றோல் மறுப்பதை
அன்றுதான் பார்த்தேன்.

தடைக் காலத்தில்
மாமாவின் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் மண்ணெண்ணெயில் ஓடியது.
ஸ்டார்ட் எடுக்க மட்டும்
சேலைன் குழாயால் ஆறு துளி பெற்றோல்,
பிறகு ஒழுங்கை முழுக்கப் புகை.
அந்த ஆறு துளி
பென்சிலின் குப்பியில் இருந்தது,
குப்பி அலுமாரியில், தாலிக்கொடிக்குப் பக்கத்தில்.

பச்சை லொறிச் சத்தம் கேட்டால்
பின்வேலியால் ஓடினோம்.
வெய்னிடம் இதைச் சொன்னதில்லை.
ஒருமுறை கேட்டான், என்னைப் பாராமல், என்ஜினைப் பார்த்து:
'கூக், நீ ஏன் இதை ஓட்டுறதில்லை?'
கிளச் பாரம் என்றேன்.

ஏழாம் நாள் இரவு
ஜாம் போத்தலைக் கழுவும்போது விளங்கியது.
சோதனைதானே வைத்தியமும்!
சாதாரண எண்பத்தேழு, நாற்பத்தைந்து லீற்றர்.
கராஜ் கதவைத் திறந்து, ஹீற்றரை அணைத்து,
டிரம்மில் தண்ணீரும் விட்டு
பழைய மரத்துடுப்பால் கலக்கிவிட்டு
குளிரில் பேசாமல் நின்றோம்.
கலங்கலாய், மெதுவாய்,
சோளச் சாராயம் அடிக்கு இறங்கியது.
அடிக்குழாயால் வடித்தோம்.
மிச்சம் பெற்றோல். வெறும் பெற்றோல்.
ஒக்ரேன் குறைந்துதான் போயிருக்கும்;
எழுபதில் வளர்ந்த என்ஜின்
எண்பத்துமூன்றைக் குறை சொல்லுமா?
ஈயத்துக்கு மாற்று என்று விற்கிற
சின்னப் போத்தல் ஒன்றையும் சேர்த்தோம்,
அது ஈயமில்லை என்பது
எங்கள் இருவருக்கும் தெரிந்தும்.

பதினொராம் திகதி. சாம்பல் மழை.
வெய்ன் ஓட்டினான்.
நான் ஜெரி கானோடு பின்னால் நடந்தேன்.
லொறி ஒருதரமும் இருமவில்லை.

தூணடியில், இரண்டு நிமிட மௌனத்துக்காக,
என்ஜினை நிறுத்தினான்.
ஓடும் லொறிக்கு நாங்கள் பயந்ததில்லை,
வாசலில் நிற்கிற லொறிக்குத்தான்.
என் கால்கள், என்னைக் கேட்காமல்,
வேலி எந்தப் பக்கமென்று தேடின.
அங்கே வேலி இல்லை. ஒரு வங்கி, ஒரு தபாலகம்,
குடையில்லாமல் நனைகிற சனம்.

வெய்ன் கண்ணாடிக்கு வெளியே தலை நீட்டினான்.
'ஸ்டார்ட் எடுக்குமா?'
எடுக்கும் என்றேன்.
எடுத்தது.